தவிர்க்க முடியாத காரணங்களால்

உட்புறக் காற்றை ஆராய்கிறவர்களின் மாநாட்டுக்கு அமர்வு முன்மொழியும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: "இந்த அமர்வு ஏன் தேவை? 300 சொற்களுக்குள் எழுதவும்." மூன்று வாரமாக அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைப்பு எழுதியாகிவிட்டது. துணை அமைப்பாளர்கள் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்ற கேள்விக்கு எல்லோரையும் போல நானும் குத்துமதிப்பாக 60 என்று போட்டுவிட்டேன். அந்த 'ஏன்' மட்டும் நகர மறுத்தது. காரணம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதை எழுதினால், இரண்டு வருடத்துக்கு முன் இதே மாநாட்டுக் குழுவிடம் நான் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.

அதற்கும் முன்னால் ஒருமுறை அமர்வு முன்மொழிந்து பார்த்திருக்கிறேன். அப்போது வைத்த தலைப்பு 'உட்புறக் காற்றின் தரம்: சவால்களும் தீர்வுகளும்'. சிரிக்காதீர்கள், எல்லோரும் ஒரு காலத்தில் இப்படித்தான் வைக்கிறோம். நுண்துகள், பூஞ்சை, ஃபார்மால்டிஹைடு, ரேடான், காற்றோட்டம் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் உள்ளே போட்டு, கடைசியில் 'கொள்கைப் பரிந்துரைகள்' என்று முடித்திருந்தேன். நிராகரிப்புக் கடிதத்தில் மதிப்பீட்டாளர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: இந்த அமர்வுக்கு உள்ளே போகும்போது தெரியாத எதை, வெளியே வருகிறவர் தெரிந்துகொண்டிருப்பார்? முதலில் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துப் படித்தபோது, அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்று தெரிந்தது.

இந்தத் துறையின் மாநாடுகளுக்கு வயது அரை நூற்றாண்டை நெருங்குகிறது. முதலாவது 1978-ல் கோபன்ஹேகனில் நடந்தது. இத்தனை வருடத்தில் எங்களுக்கென்று சில சடங்குகள் வந்துவிட்டன. ஆய்வுச் சுருக்கத்தின் முதல் வரி, 'மனிதர்கள் 90 சதவீத நேரத்தைக் கட்டடங்களுக்குள் கழிக்கிறார்கள்'. அந்த எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது 1992 முதல் 1994 வரை அமெரிக்காவில் 9,000-க்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு. முந்தைய நாள் முழுக்க எங்கெங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள். கட்டடங்களுக்குள் 87 சதவீதம், வாகனங்களுக்குள் 6 சதவீதம் என்று வந்தது. அதை 90 ஆக்கி உலகத்துக்கே பொதுவாக எழுதிவிடுகிறோம். வயலில் வேலை செய்கிறவரும் தெருவில் வண்டி தள்ளுகிறவரும் அந்த 90-க்குள் எப்படி வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் எழுதியிருக்கிறேன், குறைந்தது ஏழெட்டு முறை. இன்னொரு சடங்கு, காற்றோட்டம் பற்றிய அமர்வில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, பையில் இருக்கும் மீட்டரை எடுத்துப் பார்த்தால் கரியமில வாயு 1,800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,800 பங்கு, வெளிக்காற்றில் இருப்பதைப் போல நாலு மடங்கு) காட்டுவது. பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிச் சிரித்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டுவிடுவோம். எழுந்து போய் யாரும் கதவைத் திறப்பதில்லை.

ஒரே சொல், இரண்டு பொருள்

நல்ல அமர்வு என்றால் எது என்று யோசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, நடக்க வேண்டிய நேரத்தில் நடக்காமல் போன ஒன்று. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், கோவிட்-19 காற்றில் பரவுவதில்லை என்று சமூக ஊடகத்தில் அடித்துச் சொன்னது. ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதிய கடிதம் 239 விஞ்ஞானிகளின் ஆதரவோடு வெளிவந்தது. காற்றில் பரவுவதைக் கணக்கில் எடுங்கள் என்று கேட்டது. அந்தச் சண்டையின் நடுவில் நின்றது 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்கிற எண். அதைவிடப் பெரிய துளி ஒன்றிரண்டு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும் என்று மருத்துவப் பாடங்கள் சொல்லிவந்தன. துகள்களின் இயற்பியல் படித்தவருக்கு இது வேடிக்கையாக இருக்கும். அசைவில்லாத காற்றில் 5 மைக்ரான் துகள் ஒன்றரை மீட்டர் இறங்கவே அரை மணி நேரம் ஆகும். சில விநாடிகளில் விழ வேண்டுமென்றால் 100 மைக்ரான் அளவுக்கு இருக்க வேண்டும். 'ஏரோசால்' (காற்றில் மிதக்கும் துகள்) என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் காதில் அது வேறு பொருளில் விழுந்தது. கடைசியில் 2024 ஏப்ரலில்தான், பல துறையினரும் ஏற்றுக்கொண்ட சொற்களை அந்த நிறுவனம் வெளியிட்டது. துளியா ஏரோசாலா என்ற பிரிவினையை விட்டுவிட்டு, தொற்றுள்ள சுவாசத் துகள்கள் என்று பொதுவாகச் சொன்னார்கள்.

மருத்துவர்கள் ஒரு மாநாட்டுக்குப் போனார்கள், துகள்காரர்கள் இன்னொன்றுக்குப் போனார்கள், அவரவர் ஆட்களிடம் பேசிவிட்டுத் திரும்பினார்கள். பெரும்பாலும் நிலைமை இதுதான். ஒரே அறையில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்து, 5 மைக்ரான் என்கிற எண்ணை முதன்முதலில் எங்கே படித்தீர்கள் என்று கேட்டிருந்தாலே பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நிராகரிப்புக் கடிதத்தின் கேள்விக்கு இது ஒரு பதில். ஆனால் இது ஊரறிந்த கதை. என் கட்டத்தில் எழுத வேண்டிய கதை இதைவிடச் சின்னது.

400-ல் நின்ற கோடு

ஒரு கட்டுப்பாட்டு அறை. மூன்று ஷிப்ட், 24 மணி நேரமும் ஆட்கள். அங்கே காற்றோட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, கரியமில வாயுவை அளக்கும் ஆறு சென்சார்களை மாட்டினோம். விலை மலிவு, ஆனால் நம்பகமானவை. அதற்கு முந்தைய வருடம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இதே ஆறையும் வைத்து நல்ல முடிவுகள் எடுத்திருந்தோம். ஆறு வாரம் கழித்து வரைபடம் போட்டபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரவில் 400 பிபிஎம், பகலில் உச்சமாக 820. உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவர் மணிக்கு 18 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். வெளிக்காற்றில் 425 என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஆளுக்கு விநாடிக்கு 13 லிட்டர் வெளிக்காற்று கிடைக்கிறது என்று வந்தது. பல தரநிலைகள் 10 லிட்டரைத்தான் எதிர்பார்க்கின்றன. நாள் முழுக்க ஆள் இருக்கிற அறையிலும் நல்ல காற்றோட்டம் சாத்தியம் என்று ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினேன். வாய்மொழி உரைக்கே தேர்வானது.

சென்சார்களைக் கழற்றப் போன அன்று, அந்தக் கட்டடத்தின் ஏசியைப் பராமரிக்கும் அண்ணன் ஏணி பிடிக்க வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். லேப்டாப்பில் வரைபடத்தைப் பெருமையோடு காட்டினேன். "இந்தக் கோடு கீழே இருந்தா காத்து நல்லா வருதுன்னு அர்த்தம் அண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார், "எங்கேருந்து மேடம் வருது? வெளிக்காத்து டேம்பரைக் கம்பி வெச்சுக் கட்டி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சே." மேலே கூட்டிப்போய்க் காட்டினார். ஏசி யூனிட்டுக்கு வெளிக்காற்று வரும் வழியில் இருக்கிற டேம்பர் தகடுகள் முழுக்க மூடியிருந்தன. கைப்பிடியில் கட்டியிருந்த கம்பி துருவேறிப் போயிருந்தது. வெளிக்காற்றைத் திறந்தால் அறை சரியாகக் குளிர்வதில்லை என்று யாரோ புகார் சொல்ல, யாரோ உத்தரவு போட, இவர் கட்டியிருக்கிறார். "நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அவர் வாக்கில் சொன்னார். எனக்குத்தான் குத்தியது.

அந்த ஆறு வாரத்தில் ஒருமுறைகூட அவரிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. கட்டடத்தின் வரைபடத்தை நிர்வாகத்திடம் வாங்கினேன். ஏசியின் கொள்ளளவைத் தயாரிப்பாளரின் ஏட்டில் பார்த்தேன். தினமும் அந்த யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருந்தவரை ஏணி பிடிக்க மட்டும் கூப்பிட்டிருந்தேன்.

ஒரு சென்சாரை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் வெட்டவெளியில் வைத்தேன். எண் இறங்கிக்கொண்டே வந்து 45-ல் நின்றது. 45 பிபிஎம். இன்றைக்குப் பூமியில் எந்த மூலையிலும் அப்படி ஒரு வெளிக்காற்று கிடையாது. சரி, இனி விளக்க வேண்டியதில்லை என்று எங்கள் துறைக்காரர்கள் இந்த இடத்திலேயே தலையில் கைவைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வகைச் சென்சார் அகச்சிவப்பு ஒளியை வைத்து அளக்கிறது. விளக்கு நாளாக ஆக மங்கும், அளவு மெல்ல நகரும். அதைச் சரிக்கட்ட உள்ளே ஒரு தானியங்கி ஏற்பாடு உண்டு. வாரத்துக்கு ஒருமுறையாவது அறை காலியாகி வெளிக்காற்று அளவுக்கு இறங்கும் என்று அது நம்புகிறது. அந்த வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவை 400 என்று வைத்து மற்ற எல்லாவற்றையும் நகர்த்திக்கொள்கிறது. இரவில் காலியாகும் அலுவலகத்தில் இது சரியாகவே வேலை செய்தது. காலியே ஆகாத அறையில், 780-ஐப் பார்த்து 400 என்று நினைத்துக்கொண்டது. 1,200 எனக்கு 820 ஆகத் தெரிந்தது. விநாடிக்கு 13 லிட்டர் என்று நான் கொண்டாடியது உண்மையில் ஆறரை லிட்டர், அதுவும் கதவு திறந்து மூடும்போது கசிந்து வந்தது. வரைபடத்தைத் திரும்பப் பார்த்தால் எல்லாம் அதிலேயே இருந்தது. வெளிக்காற்றிலேயே 420-க்கு மேல் இருக்கும் காலத்தில், ஆள் இருக்கிற அறை எப்படி 400-க்கு இறங்கும்? அந்த ஏற்பாட்டை அணைத்து வைக்கக் கையேட்டில் ஒரு பத்தி உண்டு. படித்திருக்கிறேன். மாணவர்களுக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறேன்.

படிவத்தில் எழுதிய பொய்

ஆய்வுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். படிவம் காரணம் கேட்டது. 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். தெரிந்தவர்கள் மூன்று பேர் வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்து எழுதினார்கள். ஒருவர் விசா சிக்கல் என்று முடிவுகட்டி ஆறுதல் சொன்னார். ஒருவரிடமும் நான் மறுக்கவில்லை. அடுத்த வருடம் வேறொரு மாநாட்டில் ஓர் ஆய்வுச் சுவரொட்டி முன் நின்றிருந்தேன். 24 மணி நேரமும் இயங்கும் ஒரு மருத்துவமனை வார்டு. வரைபடத்தின் அடிக்கோடு 400-ல் சீவி வைத்தது போல நேராக இருந்தது. பக்கத்தில் ஓர் இளம் ஆய்வாளர், முகம் முழுக்கப் பெருமை. அன்றைக்கு லேப்டாப்போடு ஏணி பக்கத்தில் நின்றது நினைவுக்கு வந்தது. தானியங்கித் திருத்தத்தை அணைத்தீர்களா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் முகம் மாறியது. நான் என் கதையைப் போன வருடமே மேடையில் சொல்லியிருந்தால் இவர் இங்கே வந்து நின்றிருக்க மாட்டார் என்ற எண்ணம்தான் இத்தனை நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

இந்தத் துறையில் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று சொல்ல இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெரிய ஆய்வுகளுக்கு அந்தக் கௌரவம் கிடைக்கிறது. மலாவியில் 150 கிராமத் தொகுதிகளில் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. அது உலகின் முன்னணி மருத்துவ இதழிலேயே வெளிவந்தது. இந்தியா உட்பட நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வில், விறகுக்குப் பதில் எரிவாயு கொடுத்ததில் புகை நன்றாகவே குறைந்தது, ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் வித்தியாசம் தெரியவில்லை. அதுவும் பெரிய இதழில் வந்து, ஏன் என்று இன்னும் விவாதம் நடக்கிறது. கருவி சரி, திட்டம் சரி, இயற்கை வேறு பதில் சொன்னது என்கிற வகை இது. என்னுடையது அந்த வகை இல்லை. என்னுடையது வெறும் அசட்டுத்தனம். அசட்டுத்தனத்துக்கு இதழ் கிடையாது, அமர்வும் கிடையாது. ஆனால் எங்கள் துறையில் தினமும் நடப்பது அதுதான்.

ஆள் சேர்க்க ஆரம்பித்தபோது இது உறுதியானது. ஒருவர் வகுப்பறைகளில் காற்றுச் சுத்திகரிப்பான் வைத்து, பலன் இல்லை என்று முடிவு எழுதியவர். மின்சார அளவைப் பின்னால் பார்த்தபோது பாதி நாள் அது ஓடவே இல்லை. சத்தம் பொறுக்காமல் ஆசிரியர்கள் அணைத்திருக்கிறார்கள். பேச வாருங்கள் என்றேன், நிதி கொடுத்தவர்கள் கேட்பார்கள் என்று ஒதுங்கிவிட்டார். இன்னொருவர் ஒரு வீட்டின் படுக்கையறையில் இரவெல்லாம் நுண்துகள் ஏறுவதைக் கண்டு, காரணம் தேடி இரண்டு மாதம் அலைந்தவர். பக்கத்தில் ஒரு ஈரப்பதமூட்டி இருந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் அது தெளித்த நுண்ணிய நீர்த்துளிகளோடு துகளாகப் பறந்திருக்கின்றன. இவர் உடனே சம்மதித்தார், படங்கள்கூட வைத்திருக்கிறேன் என்றார். மூத்த பேராசிரியர் ஒருவர் "ரொம்ப நல்ல யோசனை, கட்டாயம் நடத்துங்க, நான் முன் வரிசையில உட்கார்ந்து கேட்கிறேன்" என்றார். மேடைக்கு? "அதெல்லாம் இளைஞர்கள் செய்யட்டும்." இளைஞர்களுக்கு வேலை நிரந்தரமாகவில்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு இரவு உட்கார்ந்து கட்டத்தை நிரப்பினேன். முதல் வரி இப்படி: 'இரண்டு வருடத்துக்கு முன் இதே மாநாட்டிலிருந்து என் ஆய்வுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். அப்போது நான் எழுதிய காரணம் உண்மையில்லை.' அதற்குப் பிறகு 300 சொல் போதவில்லை. அமர்வுக்கு நான் வைத்த விதிகள் கொஞ்சம்தான். வெற்றிகரமாகத் திருத்தப்பட்ட தவறாக இருக்கக் கூடாது. கடைசிப் படத்தில் எல்லாம் சுபமாக முடிகிற உரைகளை நிறையக் கேட்டாகிவிட்டது. தவறான வரைபடத்தை முதலில் காட்ட வேண்டும், எங்கே பிசகியது என்று கேட்பவர்கள் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு உரையிலும் அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவர் ஒருவர் என்ன சொன்னார் என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

மாநாட்டுக் குழுவிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. சென்சார் அளவுத்திருத்தம் பற்றி ஏற்கெனவே ஓர் அமர்வு இருக்கிறதாம், அதோடு சேர்த்துவிடலாமா என்று கேட்டார்கள். சேர்த்திருந்தால் வேலை சுலபம். ஆனால் அங்கே போனால் என் கதை 'தானியங்கித் திருத்தத்தின் வரம்புகள்' என்று பெயர் மாறிவிடும். டேம்பரில் கட்டிய கம்பி கதையிலிருந்து விழுந்துவிடும், நான் யாரையும் கேட்காமல் விட்டதும் விழுந்துவிடும். தனியாகவே வேண்டும் என்று எழுதினேன். ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள், கடைசி நாள் மதியம். கடைசி நாள் மதியம் என்றால் என்னவென்று மாநாட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சுவரோரம் பெட்டிகள் வரிசையாக நிற்கும், பாதிப் பேர் விமான நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 60 என்று போட்ட எண் 20 ஆனால் பெரிது. ஆள் குறைவாக இருப்பதால் அறையில் காற்றாவது நன்றாக இருக்கும் என்று துணை அமைப்பாளர் ஆறுதல் சொன்னார்.

பேச்சாளர் பட்டியலை நிரப்பும்போது ஏசி அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். காணொளியில் வந்தால் போதும், அந்த டேம்பரைப் பற்றி அன்றைக்கு என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லுங்கள் என்றேன். உங்கள் பேச்சை நான் கூடவே மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். கம்பி கட்டச் சொன்னது யாரென்று கேட்பார்களா என்று கேட்டார். கட்டடத்தின் பெயரே வராது, உங்கள் பெயரும் வேண்டாமென்றால் வராது என்றேன். "என் பேர் வரட்டும் மேடம், கட்டடம் பேரு வேணாம்" என்றார். படிவத்தில் பதவிக்குப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேராசிரியர், ஆய்வாளர், மாணவர், தொழில் துறை, அரசு, மற்றவை. மற்றவையைத் தேர்ந்தெடுத்தேன்.

"எவ்வளவு நேரம் பேசணும்?"

"பன்னிரண்டு நிமிஷம் அண்ணா."

"அவ்வளவு எதுக்கு? கம்பி கட்டியிருக்கு, காத்து வரல. ரெண்டு நிமிஷம் போதும். மீதியில நீங்க ஏன் கேக்கலன்னு சொல்லுங்க."